காஸ் இணைப்பும் பொதுப் பொறுப்பும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள வ. புதுப்பட்டியிலும், அதைச் சூழ்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதிகளிலும் விறகடுப்பின் ஆதிக்கம் குறைந்து, காஸ் அடுப்பு ஏழைகளின் குடிசையிலும் புகுந்திருக்கிறது. 2006 தேர்தலுக்குப் பின் அமைந்த தமிழக சர்க்கார் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் காஸ் அடுப்பு வழங்கியது. 2016 மே 1-ந் தேதி உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் மத்திய சர்க்கார் உஜ்வலா திட்டத்தைத் துவக்கிற்று. கண்ணையும் மார்பையும் கெடுத்துவந்த புகையினின்று நமது தாய்மார் விடுபடுவதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், சிலிண்டரை வாசலில் இறக்கியதோடு கடமை தீர்ந்துவிட்டது என்று கருதுவதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

விறகடுப்பில் பெற்ற அனுபவம் காஸ் அடுப்புக்கு உதவாது என்பதை முதலில் உணர வேண்டும். புகை கண்ணுக்குத் தெரியும்; மேலே எழுந்து கூரை வழியாக வெளியேறும். நமது அடுப்பங்கரைகள் அதற்காகவே உயரத்தில் ஜன்னல் வைத்துக் கட்டப்பட்டவை. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த இந்தக் காஸோ, காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையிலே படிந்து, மூலைமுடுக்குகளில் தங்கும். ஒரு பங்கு திரவம் சுமார் 250 பங்கு வாயுவாக விரியும். காற்றில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும். காஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிவை நாம் அறியவேண்டியே துர்நாற்றமுள்ள மெர்காப்டன் என்னும் பொருளை அதில் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. அதை அலட்சியம் செய்பவன் ஆபத்தை அழைப்பவனாவான்.

அபாயம் பெரும்பாலும் இணைப்பிலேதான் இருக்கிறது. சிலிண்டரை மாற்றும் முன் அகல் விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு யாவும் அணைந்திருக்க வேண்டும். வால்வுக்குள் ரப்பர் வாஷர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரெகுலேட்டரின் சாவியை மூடிய நிலையில் வைத்து, அதன் வளையத்தை மேலே தூக்கி, வால்வின் மீது நேராக அமர்த்தி அழுத்தி, வளையத்தை விட்டால் 'கிளிக்' என்ற சத்தம் கேட்கும். அது கேளாவிடில் இணைப்பு பூர்த்தியாகவில்லை என்று அறிய வேண்டும். பிறகு சோப்பு நீரைத் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சி கிழித்துச் சோதிப்பது தற்கொலைக்குச் சமானம்.

குழாய் விஷயத்திலும் சிக்கனம் பார்ப்பவர் பலர். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள குழாயையே வாங்கி, ஐந்து வருஷத்துக்குள் மாற்றிவிட வேண்டும். அதன் நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேற்படலாகாது. நடுவே ஒட்டுப்போடவும் கூடாது. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் அடுப்பை வைத்துச் சமைக்கும் வழக்கம் காஸுக்கு ஒவ்வாது. மேடை கட்ட வசதியில்லாதவன் என்ன செய்வான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. இணைப்பை இலவசமாகக் கொடுக்க முடிந்தவர்களுக்கு, ஒரு கற்பலகையும் இரண்டு தாங்குகற்களும் கொடுப்பது பெரும் பாரமாகாது என்பது நமது அபிப்பிராயம்.

இதே விருதுநகர் ஜில்லாவிலுள்ள சிவகாசிப் பக்கத்தில் தீயின் கொடுமையை அறியாதவர் இல்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. பட்டாசு ஆலைக்கு லைசென்ஸ் வழங்கும் மத்திய சர்க்கார் இலாகாதான் காஸ் சிலிண்டர் விதிகளையும் நிர்வகிக்கிறது. ஆலைக்குள் தீப்பொறிக்கு அஞ்சும் தொழிலாளி, வீடு திரும்பியதும் வெடித்த குழாயைக் கண்டும் காணாதவனாய் இருப்பானேன்? யாரும் அவனுக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பதே காரணம்.

சிலிண்டர் கொண்டுவரும் ஆள், எடையையும் கசிவையும் வீட்டாரின் முன்னிலையில் சோதித்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. இது தயவு அல்ல, உரிமை. கேட்காதவனுக்கு உரிமை காகிதத்தில் உறங்கும். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, மின்சார ஸ்விட்சைப் போடாமலும் அணைக்காமலும் வெளியேறி, 1906 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டில் விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈட்டுக்காக எண்ணெய்க் கம்பெனிகள் இன்ஷூரன்ஸ் செய்திருப்பதையும் ஜனங்கள் அறிந்திருக்க வேண்டும்.

வ. புதுப்பட்டிப் பேரூராட்சியினரும், தேசத் தொண்டில் ஊக்கமுள்ள வாலிபர்களும் இதைத் தமது வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டுமென வற்புறுத்துகிறோம். தெருவுக்கு ஒருவர் புறப்பட்டு, வீடுதோறும் குழாயையும் வாஷரையும் பார்த்து, சோப்பு நீர்ச் சோதனையைத் தாய்மார்களுக்குச் செய்து காட்டட்டும். வோட்டுக் கேட்டு வீடுவீடாக ஏறி இறங்குவோருக்கு இந்த வழி தெரியாததல்ல. ஓர் உயிர் எரிந்தபின் அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றுவதினும், எரியாமல் காப்பதே மேலான சேவையாகும்.