இடிந்த கறுப்பர் நகரமும் எழுந்த பேட்டைகளும்

சென்னை உயர்நீதிமன்றத்தின் செந்நிற மாடங்களைக் கண்டு வியவாதார் இலர். 1892-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அம்மாளிகையைச் சூழ்ந்த நிலம், முன்னொரு காலத்தில் வீடும் வீதியும் கோயிலும் கடையும் செறிந்த ஊராயிருந்தது என்பதை அங்கு வழக்காடச் செல்வோருள் எத்துணைப் பேர் அறிவர்? ஆங்கிலேயர் அதனைக் கறுப்பர் நகரம் என்றனர். பெயர் இழிவுடையதே, ஆயினும் நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் நிறைந்திருந்த அவ்வூரே கும்பினியாரின் செல்வத்துக்கு ஊற்றாயிருந்தது.

1746-இல் கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர், மதிலை ஒட்டிய வீடுகள் பகைவர்க்கு மறைவிடமாகும் என்று கருதி அவற்றுள் ஒரு பகுதியைத் தகர்த்தனர். 1749-இல் பட்டினத்தைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், அதே காரணத்தைக் காட்டிச் சில ஆண்டுகளில் எஞ்சியவற்றையும் இடித்து வெளியாக்கினர். பட்டணம் கோயில் எனப்பட்ட சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. குடிகளைக் காப்பதற்கென்று எழுந்த கோட்டை, தன்னைக் காத்துக்கொள்ளக் குடிகளின் வீட்டை இடித்தது! பாரிமுனையில் இன்றும் நிற்கும் கற்றூண், இவ்வெளியில் எவரும் வீடு கட்டலாகாது என்பதற்கு அடையாளமாக 1773-இல் நடப்பட்ட எல்லைத் தூண்களுள் ஒன்று.

எனினும் வீடிழந்தோர் தொலைவில் துரத்தப்படவில்லை. இதுவே யான் வற்புறுத்த விரும்புவது. வெளிக்கு வடபால் முன்னரே குடியேறியிருந்த முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் அவர்களை ஏற்றன. கோயிலுக்கும் 1762-இல் மாற்று நிலம் கிடைத்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் தம் பொருளையும் ஊரார் பொருளையும் திரட்டிப் பெருமாளுக்கும் மல்லீசுவரருக்கும் அருகருகே கோயில் எழுப்பினார். துறைமுகத் தொழிலும் கடைத்தெருவும் நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தமையால் இடம் மாறியும் பிழைப்பு மாறவில்லை. பிற்காலத்தில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் பெற்ற அப்பகுதியில் தமிழரோடு தெலுங்கரும் குஜராத்தியரும் முகம்மதியரும் வாழ்ந்தனர். ஆர்மீனியர் 1772-இல் கட்டிய தேவாலயம் இன்றும் அவர் பெயர் தாங்கிய தெருவிலேயே உள்ளது. உலகிலேயே முதல் ஆர்மீனிய இதழாகிய அஸ்தரார், 1794-இல், அவர்தம் தாய்நாட்டிலன்றி இச்சென்னையிலேதான் அச்சேறியது என்பது எத்துணை வியப்பு! அதே தெருவில் 1837-இல் ஆண்டர்சன் ஐயர் வாடகை வீட்டில் தொடங்கிய பள்ளியே பின்னர்க் கிறித்தவக் கல்லூரியாய் வளர்ந்தது.

இதனைப் பொற்காலமென யான் புகழவில்லை. 1707-இல் மூண்ட வலங்கை இடங்கைச் சச்சரவின் பயனாக எந்தப் பேட்டையில் எச்சாதியார் வாழ்வது என்பது வரையறுக்கப்பட்டிருந்தது. பல இனத்தார் ஓரூரில் இருந்தனர் என்பதனாலேயே ஒருவரோடொருவர் கலந்து வாழ்ந்தனர் என்று துணிதல் பிழை. ஆயின் அக்குறையுள்ள காலத்தவரே விளங்கிக்கொண்ட ஒன்றை நாம் மறந்தோம் அல்லமோ?

கூவக்கரையிலும் பிறவிடங்களிலும் பல தலைமுறையாக வாழ்ந்தோரின் குடிசைகளை அகற்றி, நகருக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு அப்பால் கண்ணகி நகரிலும், பின்னர்ப் பெரும்பாக்கத்திலும் குடியேற்றினோம். சுவரும் கூரையும் உறுதியானவையே, மறுப்பாரில்லை. ஆனால் மீன் விற்பவளுக்கும் வீட்டுவேலை செய்பவளுக்கும் நாள்தோறும் பேருந்துக் கட்டணம் எவர் தருவார்? படிக்கும் பிள்ளை ஆண்டின் நடுவில் எப்பள்ளியில் சேரும்? வாழ வந்த புதிய ஊரில் கணவனை இழந்து அவ்வூரையே எரித்தவளின் பெயரை இத்தகைய குடியேற்றத்துக்குச் சூட்டியோர் சிலப்பதிகாரத்தை முழுதும் படித்தனரோ என்று தமிழ் மாணவனாகிய யான் ஐயுறுகின்றேன்.

பழுதான அடுக்குமாடி வீடுகளை இடித்து, அதே நிலத்தில் அதே குடும்பங்களுக்குக் கட்டித்தரும் முறையும் ஆங்காங்கே உள்ளது. அதுவே நேர்வழி என்பது என் துணிபு. நகர நிலம் விலைமிக்கது, அதனை ஏழைக்கு விடுதல் வீண் என்பர். அந்நிலத்துக்கு விலை ஏற்றியோருள் அவ்வேழையும் ஒருவனன்றோ? எருசலேமின் அலங்கத்தை நெகேமியா எடுப்பித்தபோது பலர் தத்தம் வீட்டுக்கு எதிரான பகுதியைக் கட்டினர் என்று வேதம் கூறுகின்றது. அக்கட்டளையின் நுட்பம் இதுதான்: தன் வாசலுக்கு எதிரே கட்டுகிறவன் அரைகுறையாகக் கட்டான். இங்கோ வரைபடம் எழுதுவோர் ஒருவர், கட்டுவோர் வேறொருவர், வாழ்வோர் மூன்றாமவர். வாழ்வோரைக் கேளாமலே வாசல் எத்திசை நோக்க வேண்டும் என்பது முடிவாகின்றது.

எங்கள் ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிக் குடியினர், தம் முன்னோர் காஞ்சி நகரினின்று வந்தோர் எனக் கூறுவர். சென்ற விடுமுறையில் முதியவர் ஒருவரிடம் அதுபற்றிக் கேட்டேன். காஞ்சி என்னும் பெயரை அவர் பெருமிதத்தோடு உரைத்தார். காஞ்சியில் எத்தெரு ஐயா என்றேன். அவர் சிறிது நேரம் சிந்தித்து, "அதைச் சொல்லக்கூடியவர் எவரும் இப்போது இல்லை, தம்பி" என்றார்.