தெரிந்தேதான் வாங்குகிறார்கள்

மீம் காயினில், அதாவது இணையக் கேலிப்படங்களை வைத்து உருவாக்கும் கிரிப்டோ காயினில், பணத்தைத் தொலைத்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு உச்சுக்கொட்டல் கேட்கும்: ‘பாவம், விவரம் தெரியாமல் ஏமாந்துவிட்டார்கள்.’ தலையங்கம் எழுதுகிறவர்கள் இதையே கொஞ்சம் நாகரிகமாக, ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்பார்கள். இதைவிடச் சோம்பேறித்தனமான விளக்கம் கிடையாது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது குப்பை என்று நன்றாகவே தெரியும்.

டோஜ்காயின் என்ற மீம் காயினை 2013 டிசம்பரில் உருவாக்கிய பில்லி மார்கஸும் ஜாக்சன் பால்மரும் கிரிப்டோ மோகத்தைக் கிண்டலடிக்கவே அதில் ஷிபா இனு நாயின் படத்தைப் போட்டார்கள். கிண்டல் என்பதை ஒருவரும் மறைக்கவில்லை. ஆண்டுக்கு 500 கோடி காயின் புதிதாக வந்துகொண்டே இருக்கும், அதற்கு உச்சவரம்பே இல்லை என்பதும் ஊரறிந்த சங்கதி. இருந்தும் 2021 மே மாதம் விலை 73 சென்ட் வரை போனது. ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில், இது ஒரு தில்லாலங்கடி வேலைதானே என்று கேட்டதற்கு ஈலான் மஸ்க்கே ஆமாம் போட்டார். நகைச்சுவைதான், ஆனால் விலை அன்றிரவே சரிந்தது.

அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் ‘ஸ்க்விட் கேம்’ தொடரின் பெயரை ஒட்டி ஒரு காயின் வந்தது. வாங்கியவர்களால் விற்க முடியவில்லை என்ற புகார் உடனே கிளம்பியது. கிரிப்டோ விலைகளைக் காட்டும் காயின்மார்க்கெட்கேப் தளம் எச்சரிக்கையும் போட்டது. அதற்குப் பிறகும் வாங்கினார்கள். விற்க வழியே இல்லாத சந்தையில் விலை ஏறாமல் என்ன செய்யும்? நவம்பர் 1 அன்று 2,800 டாலரைத் தாண்டிய காயின் சில நிமிடங்களில் செல்லாக்காசானது.

எச்சரிக்கை ஏன் எடுபடவில்லை? வாங்குகிறவரின் கணக்கே வேறு. தனக்குப் பிடித்த முகத்தை அல்ல, மற்றவர்கள் எந்த முகத்தைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று ஊகிக்கிற பத்திரிகை அழகிப் போட்டியைப் பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் 1936இலேயே பங்குச்சந்தைக்கு உவமையாகச் சொன்னார். மீம் காயினில் முகமே கிடையாது, ஊகம் மட்டும்தான். ‘எனக்குப் பின்னால் இன்னொருத்தன் வருவான், அவன் தலையில் கட்டிவிட்டு வந்துவிடலாம்’ என்று கணக்குப் போடுகிறவரிடம் காயின் குப்பை என்றால், ‘ஆமாம், அதற்கென்ன?’ என்பார்.

அவர் சறுக்குவது வாங்கும் இடத்தில் அல்ல, விற்கும் இடத்தில். பத்தாயிரம் போடுகிறார், நாற்பதாயிரம் ஆகிறது. இருபதில் விற்றிருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பொறுக்கிறார். காயின் வாங்கியவர்களின் இணையக் குழுவில் விற்றவனை ‘பேப்பர் ஹேண்ட்ஸ்’ என்று கேலி செய்கிறார்கள், கடைசிவரை பிடித்திருப்பவன் ‘டைமண்ட் ஹேண்ட்ஸ்’. இருபத்தைந்துக்கு இறங்குகிறது. கையில் இன்னமும் பதினைந்தாயிரம் லாபம், ஆனால் மனத்தில் அது பதினைந்தாயிரம் நஷ்டம். மறுபடி நாற்பது வரட்டும் என்று உட்கார்ந்து, மூவாயிரத்தில் எழுந்திருக்கிறார். இதில் எந்த இடத்தில் விவரக்குறைவு? இருபது வருடம் பங்குச்சந்தையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் இப்படித்தான் உட்காருகிறார்கள்.

தவிர, அவர் முந்த நினைப்பது யாரை என்று பார்க்க வேண்டும். 2025 பிப்ரவரி 14 அன்று அர்ஜென்டினா அதிபர் மிலேய் எக்ஸ் தளத்தில் லிப்ரா என்ற காயினைப் பற்றிப் பதிவிட்டார். மதிப்பு 400 கோடி டாலரைத் தாண்டிச் சில மணி நேரத்தில் விழுந்தது. வெளியிட்டவர்களோடு தொடர்புடைய வாலட்டுகள் அதற்குள் சுமார் 10 கோடி டாலரை உருவிவிட்டன. கதவே அவர்கள் கையில் இருக்க, அவர்களுக்கு முன்னால் வெளியேறுவதாம்!

இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ விளம்பரங்களில் ‘அபாயம் அதிகம், நஷ்டமானால் முறையிட வழியில்லை’ என்ற வாசகம் கட்டாயம். படித்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். டிரம்ப் காயினின் இணையதளமே ‘இது முதலீடு அல்ல, ஆதரவின் வெளிப்பாடு’ என்கிறது, 80 சதவீதம் டிரம்ப் தரப்போடு சேர்ந்த நிறுவனங்களிடம் இருப்பதையும் சொல்கிறது. அபாய வாசகம் வாங்குகிறவரைத் தடுப்பதில்லை, விற்கிறவரைத்தான் காப்பாற்றுகிறது. 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்.இ.சி.யின் அதிகாரிகள், மீம் காயின்கள் பொதுவாகப் பங்குப் பத்திரங்கள் அல்ல, சேகரிப்புப் பொருட்களைப் போன்றவை என்று கருத்து வெளியிட்டார்கள். அப்படியானால் பங்கு வெளியிடும் கம்பெனி சட்டப்படி சொல்லியாக வேண்டிய விவரங்களை மீம் காயின் வெளியிடுகிறவர்கள் சொல்லவேண்டியதில்லை. தொலைத்தவனுக்கு வகுப்பெடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் அந்தப் பக்கம் போய்க் கேட்கட்டும்: யார் கையில் எத்தனை காயின், அதை எப்போது விற்கப்போகிறார்கள்?