நீலத் துண்டுகளில் ஒரு மாரிகாலப் போர்வை

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் தில்லையடிக்கு வந்து சேர்ந்தபோது மாரிகாலம் தொடங்கியிருந்தது. கிடுகுச் சுவருக்குள்ளால் களப்புக் காற்று புகுந்த அந்த இரவுகளில் பல பிள்ளைகளுக்குப் போர்வை என்பது உம்மாவின் சேலைத் தலைப்புத்தான். இன்று கல்வீடுகள் வந்துவிட்டன. ஆனாலும் மார்கழி, தை மாத விடியற்புறங்களில் ஒரு போர்வை வேண்டித்தான் இருக்கிறது. அதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை.

குளிர்காலத் தையல் என்றால் வெளிநாட்டுப் புத்தகங்களில் நீலமும் வெள்ளையும்தான். அது அவர்களின் பனி. நமக்குப் பனி இல்லாவிட்டாலும் மழை விட்ட காலையில் களப்பு எத்தனை நீலம் காட்டுகிறது! வீட்டில் பழசாகிக் கிடக்கும் துணிகளிலும் நீலத்துக்குக் குறைவில்லை.

60 அங்குல அகலம், 90 அங்குல நீளம் ஒருவருக்குத் தாராளம். ஆறரை அங்குலச் சதுரங்களாக 150 துண்டுகள் வெட்டுங்கள். நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, ஆறு அங்குலம் நிற்கும். வரிசைக்குப் பத்தாகப் பதினைந்து வரிசை. இருப்பிடம் தேய்ந்த பழைய சாரம் ஒன்றில் ஐம்பது துண்டாவது தேறும். ஆகவே மூன்று சாரம் போதும். வெளிறியது, நடுத்தரம், கடும் நீலம் என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். எது எந்தக் குவியல் என்று தெரியாவிட்டால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள், தெரியும். நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் சோர்ந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று மஞ்சள் துண்டுகளை இடையில் வைப்பது என் வழக்கம். ஜீன்ஸ் துணியை மெல்லிய வொயிலோடு சேர்த்துத் தைக்க வேண்டாம். கனத்த துணி மெல்லியதைக் கிழித்துவிடும்.

நீலத்தில் ஒரு தொல்லை, சாயம். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் இறங்கினால், இறங்காத வரைக்கும் தனியாக அலசுங்கள். உப்பும் வினாகிரியும் போட்டால் நின்றுவிடும் என்பார்கள். கடைத்துணிச் சாயத்துக்கு அதை நம்பி நான் ஒரு வெள்ளைத் துணியைக் கெடுத்திருக்கிறேன்.

பஞ்சு நம் ஊருக்கு வேண்டாம், புழுங்கும். வங்காளத்துப் பெண்கள் காந்தா தைப்பதுபோல, பழைய பருத்திச் சேலையை மடித்து நடுப்படையாக வைத்து, மூன்று அங்குல இடைவெளியில் கையால் நூலோட்டத் தையல் போட்டால் போதும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றொரு கிராமம். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்களின் ஊர். அங்கே மிசூரி பெட்வே என்ற பெண், கணவன் இறந்தபின் 1942இல் அவனுடைய பழைய வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தாள். மகளும் கூட இருந்தாள். சாயம் போன நீலங்கள், நைந்த இடங்கள் எல்லாம் அப்படியே அதில் இருக்கின்றன. பின்னாளில் அந்த ஊர்ப் போர்வைகள் 2002இல் நியூயோர்க் அருங்காட்சியகத்தில் தொங்கின. 2006இல் தபால் முத்திரைகளிலும் வந்தன.

இதைத் தில்லையடியில் ஒரு தையல் வகுப்பில் சொன்னபோது ஒரு ராத்தா மட்டும் கத்திரிக்கோலை எடுக்கவில்லை. மடியில் நீலக் கட்டம் போட்ட சாரம் ஒன்று இருந்தது. "மெளத்தானவரின்ட உடுப்பத்தானே அவ வெட்டினா? எங்கட அவர் மெளத்து எண்டு ஆர் சொன்னது?" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. யாரையும் வெட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பதை அன்றுதான் படித்தேன்.

வழியை அவரே கண்டுபிடித்தார். மேலுக்கு வேறு நீலத் துண்டுகள். அந்தச் சாரத்தை மூட்டுத் தையல்கூடப் பிரிக்காமல், மடித்தபடி, சேலைப் படைகளின் நடுவில் நெஞ்சுக்கு நேரே வைத்தார். அந்த இடத்தில் மட்டும் தையலை நெருக்காமல் நீள நீளமாகப் போட்டார். இலகுவாகப் பிரிக்கலாமாம், வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கவேண்டுமே என்றார்.

அப்படி வைப்பவர்கள் சாரத்தை முதலில் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். ஈரம் நின்றால் உள்ளே கரும்புள்ளி விழும். விளிம்புப் பட்டி பிடிப்பதை அடுத்த மாதம் பார்ப்போம்.