மல்லாட்டை மூட்டையைத் திருடியது யார்?

போன வருடம் முழுக்க நான் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் டீமுக்கு மெக்சிகோவில் ஒரு கிளையன்ட். கொஞ்சம் ஸ்பானிஷ் தெரிந்தால் நல்லது என்றார்கள். எனக்கு வேலை கீழ்பென்னாத்தூர் வீட்டு மாடியறையில் இருந்துதான். ராத்திரி மீட்டிங்குக்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைக்கும். முதல் மூன்று மாதம் செல்போன் ஆப்பில் பூனை பால் குடிக்கிறது, பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான் என்று தட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு ஒரு நண்பன் அறுபது பக்கத் துப்பறியும் கதை ஒன்றை அனுப்பினான். மொழி கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்டது. ஒரு சின்ன ஹோட்டல், காணாமல் போன ஒரு நெக்லஸ், சந்தேகப்பட ஐந்து பேர்.

இலக்கியமா என்று கேட்டால் சத்தியமாக இல்லை. துப்பறிபவருக்கு மீசையைத் தவிர வேறு குணமே கிடையாது. ஆனால் நான் அதை நான்கு ராத்திரியில் முடித்தேன். ‘யாவே’ என்றால் சாவி என்று யாரும் என்னை மனப்பாடம் செய்ய வைக்கவில்லை. அந்தச் சாவி யார் கையில் இருந்தது என்பதுதான் கதையே. பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சொல் வந்தது, வந்த ஒவ்வொரு தடவையும் எனக்கு அது தேவைப்பட்டது.

அந்த நாட்களில் ஒருநாள் அக்கா மகன் தமிழ்ப் புத்தகத்தோடு என் அறைக்கு வந்தான். நாலாம் வகுப்பு. படிடா என்றேன். ராகம் போட்டுக் கடகடவென்று படித்தான். எனக்கு ஒரே பெருமை. சும்மா ஒரு விளையாட்டுக்குப் பாடத்தின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரல் வைத்து, இது என்ன என்று கேட்டேன். நின்றுவிட்டான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு பாடத்தின் முதல் வரிக்குப் போய், அங்கிருந்து ராகமாக ஓடிவந்து, என் விரல் இருக்கும் இடத்தில் வந்து அந்தச் சொல்லைச் சொன்னான்.

அவன் படிக்கவில்லை. ஒப்பித்துக்கொண்டிருந்தான். நான்கு வருடமாக.

அவன் வாத்தியார்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒரு வகுப்பில் எத்தனை பேர், எத்தனை பதிவேடு, எத்தனை ஆன்லைன் பதிவு என்று பார்த்தவன் அதைச் செய்யமாட்டான். என் சண்டை நம்மோடு. தமிழில் எழுதுகிற, படிக்கிற, அதைப் பற்றி நீளமாகப் பேசுகிற நம்மோடு. முப்பத்தைந்து வயதில் சம்பளத்துக்காக ஒரு மொழி கற்கும் எனக்கு, அடுத்த பக்கத்தைப் புரட்டியே தீரவேண்டிய கதை கிடைக்கிறது. ஒன்பது வயதில் தாய்மொழியைப் படிக்கக் கற்கும் அவனுக்கு நாம் என்ன தருகிறோம்? நேர்மையாக இரு, மரம் நடு, ஒற்றுமையே பலம். முதல் வரியிலேயே கடைசி வரி தெரிந்துவிடும். தெரிந்த முடிவைப் படிக்க எந்தக் குழந்தைக்கு அவசரம்?

எழுத்துக் கூட்டத் தெரிந்த குழந்தை சரளமாக வாசிக்க வேண்டுமென்றால் ஒரே சொற்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும். திரும்பத் திரும்பப் பார்ப்பது சலிப்பு. அந்தச் சலிப்பைத் தாங்க வைக்கும் ஒரே சரக்கு ‘யார் செய்தது?’ என்கிற கேள்விதான் என்று நான் நினைக்கிறேன். துப்பறியும் கதை இயல்பாகவே சொற்களைத் திருப்பிச் சொல்லும். யார், எங்கே, எப்போது, கதவு, சாவி, பார்த்தேன், பார்க்கவில்லை. சாட்சிக்குச் சாட்சி அதே கேள்விகள். பாடப்புத்தகம் பயிற்சி என்ற பெயரில் செய்வதை, கதை தன் வேலையாகவே செய்துவிடுகிறது.

இதற்கு என் வீட்டிலேயே சாட்சி உண்டு. அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தபோது தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கற்றார். 1991இல் புதுக்கோட்டைப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்ற அதே இயக்கம். ஆனால் “எழுத்துதான் அறிவொளில கத்துக்கிட்டேன், படிக்கக் கத்துக்கிட்டது ராஜேஷ்குமார்கிட்ட” என்பார் அம்மா. அப்பா திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப்பில் தொங்கும் மாத நாவல்களை வாங்கிவருவார். விவேக்–ரூபலா, பரத்–சுசீலா, நரேன்–வைஜெயந்தி. “பஸ் போர்டு படிப்பேன், புஸ்தகம்னா பயம். அந்தக் கதையில கொலை பண்ணது யாருன்னு தெரியாம தூக்கம் வரல. தட்டுத்தடுமாறி முடிச்சேன். ரெண்டாவது புஸ்தகம் சீக்கிரம் முடிஞ்சிருச்சு.” பின்னாளில் நான் வாங்கிவந்த கி. ராஜநாராயணனையும் அம்மா படித்தார். பிடித்தும் இருந்தது. ஆனால் அவரைத் தொடக்கி வைத்தவர் கி.ரா. இல்லை.

அம்மாவைப் போல எத்தனை வீட்டில் எத்தனை பேர்! ஆனால் நம் இலக்கிய உரையாடலில் அந்த நாவல்களுக்கு என்ன இடம்? ‘வணிக எழுத்து’ என்று ஒரு வார்த்தை. முடிந்தது. இந்த இளக்காரம் புதிதும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில மர்ம நாவல்களைத் தழுவித் தமிழில் எழுதிக் குவித்தவர் ஆரணி குப்புசாமி முதலியார். ஆரணி இன்று எங்கள் மாவட்டம்தான். இலக்கிய வரலாற்றில் அவருக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். அப்புறம் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார், 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. தமிழ் வாசகர்களில் பெரும்பகுதி இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் வாசலைக் கேவலமாகப் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். இருபத்தைந்து வயதில் நான் எழுதிய ஒரு கட்டுரையை இப்போது எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது.

சரி, குறைந்த சொற்களில் கற்பவர்களுக்கான கதை என்பது வெளிநாட்டு விஷயம்தானே என்று கேட்கலாம். இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. இந்த முறையை ஒழுங்காக வகுத்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் வெஸ்ட். அவர் அதைச் செய்தது லண்டனில் இல்லை, 1920களில் டாக்காவில். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதைப் பார்த்தார். பாடநூல்களில் வரிக்கு வரி புதுச் சொல், வந்த சொல் திரும்ப வருவதில்லை, பாதிச் சொற்கள் யாரும் பேசாத பழஞ்சொற்கள். பழையதை வெட்டினார், பொதுவான சொற்களைப் போட்டார், புதுச் சொற்களைத் தூரத்தூரமாக நட்டார். 1926இல் வங்காளத்தின் இருமொழிக் கல்வி பற்றிய அவருடைய நூல் வந்தது. அதில் ஒரு கருத்து உண்டு. நம்மூர் எல்ஐசி ஏஜெண்ட் சொல்வாரே, சரண்டர் வேல்யூ, அதேதான். பாதியில் படிப்பை நிறுத்திவிடும் பிள்ளைக்கு அந்தப் பாதிப் படிப்பின் மதிப்பு என்ன? கையில் ஏதாவது மிஞ்சுமா? மிஞ்சவேண்டும் என்றால் முதலில் வாசிக்கும் திறனைக் கொடு என்றார்.

நூறு வருடம் ஆகிறது. இந்த மண்ணின் பிள்ளைகளை வைத்து, ஆங்கிலத்துக்காகச் செய்த வேலை. அதை உலகம் எடுத்துக்கொண்டது. நான் படித்த ஸ்பானிஷ் நெக்லஸ் கதையும் அந்த வம்சம்தான். அமெரிக்காவிலும் பள்ளி வாசிப்புப் புத்தகங்கள் உயிரில்லாமல் இருக்கின்றன என்று ஜான் ஹெர்சி 1954இல் எழுதினார். 1957இல் டாக்டர் சூஸ் 236 சொற்களுக்குள் தொப்பி போட்ட ஒரு பூனையை வீட்டுக்குள் விட்டார். 1972இல் ‘நேட் தி கிரேட்’ என்கிற பொடியன் துப்பறிவாளன் வந்தான், எழுத்துக்கூட்டும் குழந்தைகளுக்காகவே. தமிழில் நாம் அந்தக் காலமெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? மொழியின் தொன்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

தமிழுக்கு இது இன்னும் அவசரம் என்பதுதான் கொடுமை. ஸ்பானிஷில் பெரும்பாலும் எழுதியதை எழுதியபடி வாசித்துவிடலாம். தமிழிலும் அப்படித்தான் என்று நாம் பெருமையடிக்கிறோம். ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே க, மூன்று ஒலி. சொல் முன்பே பழகியிருந்தால்தான் ஒலி சட்டென்று வாயில் வரும். அதாவது பழக்கம் வேண்டும், பழகுவதற்கு ஆசை வேண்டும். அப்புறம் நம் சொற்களின் நீளம். ‘கண்டுபிடித்துவிட்டார்கள்’ ஒரே சொல், பதின்மூன்று எழுத்து. கடைசி எழுத்துக்கு வருவதற்குள் குழந்தைக்கு முதல் எழுத்து மறந்துபோகும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எழுதிப் பார்த்துத் தோற்றதால் தெரியும். அக்கா மகனுக்காக நானே ஒரு துப்பறியும் கதை எழுதினேன். களத்தில் காயவைத்து மூட்டை கட்டிய மல்லாட்டை, காலையில் பார்த்தால் ஒரு மூட்டை குறைகிறது. முதல் பிரதியின் இரண்டாவது வரியில் ‘சந்தேகத்திற்கிடமான முறையில்’ என்று எழுதியிருந்தேன். தினசரிகளைப் படித்து வளர்ந்த கை. பையன் அந்த வரியில் நின்றான், பேப்பரை மடித்து வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டான்.

எத்தனை வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன என்று எண்ண ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். மூட்டை, மூட்டையை, மூட்டையில், மூட்டைக்கு எல்லாவற்றையும் தனித்தனிச் சொல் என்று எண்ணிக் காட்டியது. என் புரோகிராம் தப்பு என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: எழுத்துக்கூட்டும் பிள்ளையின் கண்ணும் அப்படித்தானே எண்ணுகிறது? ஸ்பானிஷ்காரர்கள் சொல்லைக் குறைத்தால் ஓரளவு போதும். நாம் விகுதிகளையும் வேற்றுமை உருபுகளையும் சேர்த்துக் குறைக்கவேண்டும். முதல் கதையில் ‘ஐ’யும் ‘இல்’லும் மட்டும், அடுத்த கதையில் ‘இருந்து’ என்று ஒவ்வொன்றாக உள்ளே விடவேண்டும். இதை அப்படியே மொழிபெயர்த்துக் கொண்டுவர முடியாது. தமிழில் உட்கார்ந்துதான் செய்யவேண்டும்.

மூன்று தடவை திருத்தினேன். கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழ், ஆட்கள் பேசுவது எங்கள் ஊர்ப் பேச்சு. “மல்லாட்டைன்னு எழுதாதீங்க, நிலக்கடலைன்னு எழுதுங்க, பரீட்சையில தப்பாயிடும்” என்று பக்கத்துத் தெருவில் மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் தங்கச்சி சொன்னாள். அவள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு மல்லாட்டை என்பது வாயில் கரைந்த சொல். கண்ணுக்குப் புதிதாக இருப்பது காதுக்குப் பழையதாக இருந்தால்தான் முதல் அடி எடுத்துவைக்க முடியும். நிலக்கடலை இரண்டாவது கதையில் வரட்டும். ஒரு வெளியூர் வியாபாரி வந்து சொல்லட்டும்.

இன்னொரு மறுப்பு: திருட்டுக் கதை கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகாதா? திருட்டைக் கண்டுபிடிக்கும் கதைதான் இது. யார் சொல்வது உண்மை, யார் சொல்வது ஒட்டவில்லை, பார்க்காததை ஏன் பார்த்ததாகச் சொல்கிறான் என்று சோதிக்கும் பழக்கம், வாட்ஸாப்பில் வருவதையெல்லாம் நம்பும் நம் பெரியவர்களுக்கே இல்லை. நீதிக்கதை ‘நம்பு’ என்கிறது. துப்பறியும் கதை ‘பார்’ என்கிறது. எனக்கு இரண்டாவதுதான் நல்லொழுக்கம்.

மூன்றாவது: அரசாங்கம்தான் வாசிப்பு இயக்கம் நடத்துகிறதே? ஆமாம், நல்ல காரியம். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள். அந்தப் பெயர்களை வைத்தவருக்கு ஒரு கும்பிடு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலும் 2015 முதல் படிநிலை வாரியாகக் கதைகள் இருக்கின்றன. ஆனால் ஒரு புத்தகத்தில் அறிமுகமான சொல்லும் ஆளும் அடுத்த புத்தகத்திலும் வந்தால்தான் குழந்தைக்கு அது பழைய வீடு மாதிரி இருக்கும். ஒரே துப்பறிவாளர், ஒரே தெரு, இருபது புத்தகம். அம்மா விவேக்கைத் தேடிப் படித்தாரே, அந்த மாதிரி தேடவைக்கும் தொடர் வேண்டும். அதை ஒரு கமிட்டி எழுதமுடியாது. எழுத்தாளர்கள் எழுதவேண்டும்.

எந்த எழுத்தாளர்கள்? இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள்தான். பதினாறு பக்கம், நூற்றைம்பது சொல், ஒரு மர்மம், ஏமாற்றாத ஒரு தடயம். எழுதிப் பாருங்கள். அறுநூறு பக்க நாவலைவிட எனக்கு இது கஷ்டமாகத் தெரிகிறது. அடுத்த தலைமுறைக்கு வாசகர்கள் இல்லை என்று விழாவுக்கு விழா புலம்புகிறோம். வாசகர் வானத்திலிருந்து குதிப்பதில்லை, நாலாம் வகுப்பில் ஒரு விரல் வைத்த இடத்தில் நின்றுவிடுகிறார்.

என் மல்லாட்டைக் கதை நல்ல கதை இல்லை. அதைப் பையனே சொல்லிவிட்டான். கடைசிப் பிரதியை அவனிடம் கொடுத்துவிட்டு மீட்டிங்குக்குப் போனேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

“பாட்டிதான் மாமா. நாலாம் பக்கத்துலயே தெரிஞ்சிருச்சு. ரொம்ப ஈஸி.”

“எப்படிடா?”

“யாருமே மழை வரும்னு சொல்லல. பாட்டி மட்டும்தான் சொல்றாங்க. நனையக்கூடாதுன்னு அவங்கதான் எடுத்து உள்ள வச்சிருப்பாங்க.” சொல்லிக்கொண்டே பேப்பரைப் பின்னால் புரட்டினான். முதல் வரிக்குப் போகவில்லை. நேராக இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, “இதோ, மழை” என்றான்.

அடுத்த கதை கஷ்டமாக இருக்கவேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டுமாம். எனக்கு இன்னும் திருடன் கிடைக்கவில்லை.