வட்டு போனால் கூட என்ன போகும்?

வீடியோ கேம் கன்சோல்களிலிருந்து வட்டு இயக்கியை எடுத்துவிடலாமா என்ற விவாதத்தை ஒரு நாவலிலிருந்து தொடங்க விரும்புகிறோம். 'தி காஸ்ட்அவே' என்ற அந்நாவலை ஒரு டாலருக்குக் குறைவாக விற்பது பதிப்புரிமை மீறல் என்று, அமெரிக்காவின் பாப்ஸ்-மெரில் பதிப்பகம் நூலிலேயே அச்சிட்டிருந்தது. மேசி கடையார் அதை 89 சென்ட்டுக்கு விற்றனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஒருமுறை விற்றுவிட்ட பிரதியின் அடுத்த விலையைப் பதிப்புரிமையின் பெயரால் கட்டுப்படுத்த இயலாது என்று 1908இல் தீர்ப்பாயிற்று. அந்நாட்டின் பழைய புத்தகக் கடைகளும் நூலகங்களும் இந்தக் கொள்கையின் நிழலில்தான் நிற்கின்றன.

வட்டில் வந்த விளையாட்டும் அதே நிழலில் இருந்தது. ஆடி முடித்தவர் நண்பருக்கு இரவல் தரலாம். பாதி விலைக்கு விற்கலாம். தரவிறக்கத்தில் நமக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே. எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் இரவல், மறுவிற்பனை இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் 2013 ஜூனில் நிபந்தனைகளை அறிவித்தபோது எழுந்த கூச்சலில், இரண்டே வாரத்தில் நிபந்தனைகள் திரும்பப் பெறப்பட்டன. அன்று அறிவித்துச் செய்ய முடியாதது இன்று சத்தமின்றி நடக்கிறது. 2024இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் வட்டு இயக்கி இல்லை. வேண்டுவோர் தனியே காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

தரவிறக்கத்தை நாங்கள் வெறுக்கவில்லை. வட்டு அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்ப வசதியில்லாத சிறு குழுக்களுக்கு அது திறந்த கதவு. 'ஜர்னி' போன்ற கவித்துவமான படைப்பு 2012இல் முதலில் தரவிறக்கமாகவே வந்தது.

ஆனால் அக்கதவின் சாவி கடைக்காரரிடம் இருக்கிறது. ஹிடியோ கொஜிமாவின் 'பி.டி.' 2014இல் இலவசமாக வெளியாகி, மறு ஆண்டே பிளேஸ்டேஷன் கடையிலிருந்து மறைந்தது. அழித்தவர்களால் அதை மீண்டும் இறக்க முடியவில்லை. அது பதிந்திருந்த கன்சோல்களைச் சிலர் கூடுதல் விலைக்கு விற்பனைக்கு வைத்தனர். நின்டெண்டோ தன் வீ யூ, 3டிஎஸ் இணையக் கடைகளில் விற்பனையை 2023 மார்ச் 27 அன்று நிறுத்தியது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று சந்தையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை அதே ஆண்டில் மதிப்பிட்டது. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து காட்டக் கேட்ட விலக்கையும் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024இல் மறுத்தது.

வட்டு இருந்தால் போதும் என்பதும் இல்லை. யுபிசாஃப்டின் 'தி க்ரூ' வழங்கிகள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டதும் அதன் வட்டு வெறும் பிளாஸ்டிக் ஆயிற்று. 2025இல் வந்த ஸ்விட்ச் 2க்கான சில அட்டைகளில் விளையாட்டே கிடையாது. தரவிறக்கத்துக்கான திறவுகோல் மட்டுமே உண்டு. (அட்டையில்லாப் புத்தகம் பார்த்திருக்கிறோம், அட்டை மட்டுமேயான புத்தகம் இதுதான்!) எனினும் அந்த அட்டையைக்கூட இரவல் கொடுக்கலாம், விற்கலாம். அந்த அளவுக்கு அது தரவிறக்கத்தைவிட மேல்.

ஆகவே இரவலும் மறுவிற்பனையும் தரவிறக்கத்துக்கும் சட்டப்படி கிடைக்கும்வரை, கடை மூடிய பின்னும் வாங்கியது இயங்கும் என்று உறுதி தரப்படும்வரை, வட்டு இயக்கியை அகற்றக் கூடாது என்பதே எங்கள் நிலை. உரிமத்தை விற்றுவிட்டு 'வாங்குங்கள்' என்று மட்டும் எழுதக் கூடாது, உண்மையைச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா 2025 முதல் சட்டம் வைத்திருக்கிறது. நல்லதுதான். வாங்கியதை இன்னொருவருக்குக் கொடுப்பது பற்றி அச்சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.