கார் ஏ.சி.க்கும் எடைக்கணக்கு வேண்டும்

கோடை பிறந்துவிட்டால் நம் வணிகர்கள் கூடும் இடங்களில், விலைவாசிக்கு அடுத்தபடியாகக் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. "கார் ஏ.சி. வெறும் அனல் காற்றைத்தான் தள்ளுகிறது. போன வருஷம்தான் கேஸ் போட்டேன். இந்த வருஷமும் போடச் சொல்கிறார்கள்" என்பதே அது. பருப்பு பார்க்க விருதுநகருக்கும், மஞ்சளுக்கு ஈரோட்டுக்கும், ஏலக்காய்க்குப் போடிக்கும் போய் வருகிறவர்களுக்கும், வசூலுக்காக ஒரே நாளில் நான்கு ஊர் சுற்றுகிறவர்களுக்கும் கார் இன்று ஆடம்பரம் அல்ல. தராசைப் போல அதுவும் ஒரு தொழிற்கருவி. ஆகவே வணிக இதழில் கார் ஏ.சி.க்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்க மாட்டார்கள் என நம்புகிறோம். நாம் இங்கே பேச வந்தது குளிர்ச்சியைப் பற்றி மட்டும் அல்ல, அளவைப் பற்றியும்தான்.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்றுவதற்குப் பணம் கொடுக்கக் கூடாது. எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்று எழுதாத பில்லை ஒப்புக்கொள்ளக் கூடாது.

கேஸ் தீர்ந்து போகுமா?

பெட்ரோல் எரிந்து தீரும். ஏ.சி. கேஸ் எரிவதும் இல்லை, தீர்வதும் இல்லை. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. காரின் முன்புறம் ரேடியேட்டரை ஒட்டியிருக்கும் கண்டென்சரில் அந்தச் சூடு வெளியேறி, கேஸ் திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற சிறு துவாரத்தின் வழியே பீறிட்டு அழுத்தம் குறைகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகும்போது காரின் உள்ளே உள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மீண்டும் கம்ப்ரஸருக்கே வந்து சேர்கிறது.

இந்தச் சுற்றில் கேஸ் செலவாக இடமே இல்லை. ரப்பர் குழாய்கள், இணைப்புகள் வழியே ஆண்டுக்குச் சில கிராம் கசியலாம். அதனால் பல ஆண்டுகள் ஓடிய காரில் சிறிது குறைவது இயல்பு. ஆனால் கோடைக்குக் கோடை கேஸ் போட வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். ஓட்டைப் பானையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதை நாம் வேறு எந்தக் காரியத்திலாவது பொறுத்துக்கொள்வோமா?

அதைவிட முக்கியம், அனல் காற்று வருவதற்குக் கேஸ் குறைவு ஒன்று மட்டுமே காரணம் அல்ல. நம் கடைத்தெருவில் வற்றல் வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவருக்கு ஒரே கோடையில் இரண்டு முறை கேஸ் ஏற்றினார்கள். பைபாஸில் போகும்போது ஏ.சி. நன்றாகக் குளிரும். கடைத்தெரு நெரிசலில் நின்றால் அனல் வீசும். மூன்றாவதாக அவர் போன இடத்தில், வயதான மெக்கானிக் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: "ஓடும்போது குளிருதா, நிற்கும்போது குளிருதா?" பதிலைக் கேட்டதும் அவர் கேஸ் பக்கமே போகவில்லை. முன்புற ஃபேன் சுற்றவில்லை என்று காட்டினார். ரிலே போயிருந்தது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. கார் ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

நாமே பார்க்கக்கூடியவை

பட்டறைக்குப் போகுமுன் கால் மணி நேரம் செலவிட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும். காரைத் திறந்தவெளியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட்டினால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும்.

முதலில் திருகுகள். குளிர்ச்சித் திருகு கடைசி வரை நீலப் பக்கம் இருக்கிறதா, வெளிக்காற்றை உள்ளே விடும் பொத்தான் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிக்காற்று வழி திறந்திருந்தால் நாற்பது டிகிரி வெயிலை முழுவதும் ஏ.சி. இழுத்துக் குளிர்விக்க வேண்டியிருக்கும்.

அடுத்து காற்றின் வேகம். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம். பல கார்களில் அது இடப்பக்க டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. மிளகாய்த் தூள், மாவு, சாக்குத் தூசி எல்லாம் ஏறி இறங்கும் நம்மவர் கார்களில் இது சீக்கிரமே அடைபடும். முதல் அரை மணி நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்று குறைந்து, ஏ.சி.யைச் சிறிது நேரம் நிறுத்திப் போட்டால் மறுபடி சரியாகிறது என்றால், கூலிங் காயிலில் பனி கட்டுகிறது என்று கொள்ளலாம். இதை மெக்கானிக்கிடம் அப்படியே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கம்ப்ரஸர். என்ஜின் ஓடும்போது ஏ.சி. பொத்தானை அழுத்தினால் பல கார்களில் 'டக்' என்ற ஓசை கேட்கும், என்ஜின் சத்தமும் லேசாக மாறும். அந்த ஓசையே இல்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச், கிளட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கேஸ் மிகவும் குறைந்தாலும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாது. சில புதிய கார்களில் கிளட்சே இல்லாத கம்ப்ரஸர் உண்டு. அவற்றில் இந்த ஓசையை எதிர்பார்க்கக் கூடாது.

நான்காவது, முன்புற ஃபேனும் கண்டென்சரும். ஏ.சி. போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். கண்டென்சரின் மெல்லிய தகடுகளில் சேறும் பூச்சியும் அடைத்திருந்தால், அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவினாலே குளிர்ச்சி கூடும்.

ஐந்தாவது, எண்ணெய்க் கறை. கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் எண்ணெயும் குழாய்களில் சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசிந்து தூசி படியும். இணைப்புகளில் அப்படிக் கறுத்த ஈரம் தெரிந்தால் அங்கேதான் சந்தேகம்.

இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்தால் போதும். பானட்டுக்குள் கை விட வேண்டாம். ஃபேன் எந்த நேரமும் தானாகச் சுற்றத் தொடங்கும். வேட்டி நுனியும் தோள் துண்டும் பெல்ட்டில் சிக்கினால் என்னவாகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. கேஸ் குழாயை நாமே கழற்றிப் பார்ப்பதும் கூடாது. பீறிடும் கேஸ் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

எடையே கணக்கு

இனி அளவுக்கு வருவோம். பானட்டின் உட்புறத்தில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். என்ன கேஸ், எத்தனை கிராம் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம். இன்று நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆர்-134ஏ என்ற கேஸ். சில புதிய கார்களில் ஆர்-1234ஒய்எஃப் என்று வேறு ஒன்று. பழைய ஆர்-12 கேஸ் வானத்து ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று, 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி உலகெங்கும் நிறுத்தப்பட்டது. ஒன்றுக்குரிய காரில் மற்றொன்றை ஏற்றக் கூடாது.

பல பட்டறைகளில் கேஜ் மீட்டரைப் பார்த்துத்தான் "கேஸ் கம்மி" என்கிறார்கள். இங்கே ஒரு விஷயம் நமக்கு நன்றாக விளங்கும். சமையல் கேஸ் சிலிண்டரில் திரவம் இருக்கிறவரை உள்ளே அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். புது சிலிண்டரிலும் பாதி சிலிண்டரிலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரிகிறது. எவ்வளவு மிச்சம் என்பது தராசில் வைத்தால்தான் தெரியும். கார் ஏ.சி.யும் அப்படியே. என்ஜின் நின்றிருக்கும்போது 30 டிகிரி வெப்பத்தில் கேஜ் ஏறக்குறைய 97 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே 450 கிராம் இருந்தாலும் அதுதான், 250 கிராம் இருந்தாலும் அதுதான். ஓடும்போது பார்க்கும் கேஜ் நோயைக் கண்டுபிடிக்க உதவும், எடை போட உதவாது.

ஆகவே முறையான வழி ஒன்றே. உள்ளே உள்ள கேஸை மெஷினில் இறக்கி எடை பார்க்க வேண்டும். கசிவைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். அரை மணி நேரமாவது வேக்கம் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். பிறகு ஸ்டிக்கரில் உள்ள கிராமை எடை போட்டு ஏற்ற வேண்டும். கூடுதலாக ஏற்றினாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு. "ஒரு டின் போட்டிருக்கு சார்" என்பது அளவே அல்ல. "ஒரு மூட்டை அனுப்பியிருக்கேன்" என்று எடை எழுதாமல் சரக்கு வந்தால் நாம் இறக்கிக்கொள்வோமா?

கலப்படம் இங்கும் உண்டு. 2011-ஆம் ஆண்டு, கப்பலில் உணவுப் பொருள் ஏற்றிச் செல்லும் குளிர்ப் பெட்டிகள் சில வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். பழுது பார்த்தபோது ஆர்-134ஏ என்ற பெயரில் ஏற்றப்பட்ட கேஸில் மீதைல் குளோரைடு கலந்திருந்ததே காரணம் என்று அறியப்பட்டது. மலிவு விலை டின் என்றால் உஷாராக இருக்க இது ஒன்றே போதும்.

பில்லில் நான்கு வரி

நாம் கேட்கச் சொல்வது பெரிய விஷயம் அல்ல, பில்லில் நான்கு வரிதான். ஒன்று, என்ன பழுது, கசிவு என்றால் எந்த இடம். இரண்டு, எத்தனை கிராம் இறக்கினார்கள். மூன்று, எந்தக் கேஸ் எத்தனை கிராம் ஏற்றினார்கள். நான்கு, வேலை முடிந்தபின் நடு ஏ.சி. ஜன்னலில் வந்த காற்று எத்தனை டிகிரி. இதற்குச் சிறு தெர்மாமீட்டர் போதும். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த கோடையில் மறுபடி குறை வந்தால் இந்தக் காகிதத்தை வைத்துத்தான் பேச முடியும்.

இதில் மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. கசிவு தேட இரண்டு மணி நேரம் ஆகிறது. கூலிங் காயிலில் கசிவு என்றால் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். "பார்த்ததற்கா காசு?" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் அந்தக் கூலியை அவர் எப்படி வாங்குவார்? கேஸ் பெயரில்தான் வாங்குவார். "சந்தைக்குப் போகணும், சீக்கிரம் கேஸைப் போட்டு அனுப்பு" என்று அவசரப்படுத்துகிறவர்களும் நம்மவர்களில் உண்டு. சோதித்துப் பார்க்கும் வேலைக்குத் தனிக்கூலி கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பதே நமது கருத்து. அது இரண்டு கோடையின் கேஸ் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். நான்கு வரி எழுதித் தரும் மெக்கானிக்கை நம் உறுப்பினர்கள் எல்லோரும் தேடிப் போனால், எழுதித் தராதவரும் எழுதத் தொடங்குவார்.

சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன் கீழ் நம் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்குகிறோம். பத்து கிராம் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். வாடிக்கையாளர் தராசு முள்ளைப் பார்ப்பதை நாம் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதே உரிமை நமக்கும் உண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று சொல்லி வைத்தார்கள். காருக்குள் போடுவதை அளக்காமல் விடலாமா? இந்தக் கோடையில் பட்டறைக்குப் போகும் அன்பர்கள் முதல் கேள்வியாக "எத்தனை கிராம்?" என்று கேட்கட்டும்.