உடல் இளைத்தபின் மாத்திரை எதற்கு என்போருக்கு ஒரு மறுப்பு





உடற்பருமனைக் குறைக்க இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், கடும் உணவுக் கட்டுப்பாட்டினால் சில மாதங்களிலேயே முப்பது, நாற்பது கிலோ இளைத்தவர்களும் இன்று நமது மஹல்லாக்களில் அரிதாக இல்லை. சர்க்கரை நோய் தணிந்து, மூட்டு வலி குறைந்து, பல ஆண்டுகளுக்குப் பின் நாற்காலியின்றித் தொழத் தொடங்கியவர்கள் அவர்களுள் உண்டு. அல்ஹம்துலில்லாஹ். அத்தகைய சிகிச்சை மார்க்கத்தில் கூடுமா, கூடாதா என்பது வேறொரு பொருள்; அதற்குள் இங்கே நாம் செல்லவில்லை. இளைத்தபின் நரம்புகளுக்கு வரும் கேட்டையும், அக்கேட்டுக்குத் துணைபோகும் சில பேச்சுகளையும் பற்றியே எழுதுகிறோம்.

"எடைதான் குறைந்துவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?" என்பது முதற்பேச்சு. ஆயுள் முழுதும் மாத்திரை உண்பது தவக்குலுக்கு முரணானது, ஈமானின் பலவீனம் என்பது அதைவிடப் பெரிய பேச்சு. கால் மரத்துப்போய்த் தள்ளாடும் ஒருவரைப் பார்த்து, இளைத்து அழகானதைக் கண்டு யாரோ கண்வைத்துவிட்டார்கள், சூனியம் செய்துவிட்டார்கள் என்று கூறித் தாயத்துக் கட்டுபவரிடம் அழைத்துச் செல்வதோ இவை அனைத்திலும் கொடியது. ஏனெனில் நரம்பு காத்திருப்பதில்லை. குறைபாடு நீடித்துப் பழுதான நரம்பு, பிறகு எத்தனை ஊசி போட்டாலும் முழுமையாக மீளாமல் போகலாம்.

இரைப்பையைக் குழாய்போல் சுருக்கும் சிகிச்சையானாலும், இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் முற்பகுதியையும் உணவின் வழியிலிருந்து விலக்கும் பைபாஸ் சிகிச்சையானாலும், உண்ணும் அளவு குறைவது மட்டுமே அங்கு நிகழ்வதன்று. நரம்புகளுக்கு இன்றியமையாத வைட்டமின் பி12ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இறைச்சியிலிருந்து அதைப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலம் வேண்டும். சிறுகுடலின் கடைப்பகுதியில் அது உறிஞ்சப்படுவதற்கு இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதமும் வேண்டும். இச்சிகிச்சைகளுக்குப் பின் இவ்விரண்டும் குறைந்துபோகின்றன. "பி12 குறைபாடு சைவம் உண்பவர்களுக்கல்லவா வரும், நாம் கறி உண்ணும் சமூகம்" என்று தைரியம் சொல்வோர் இதை அறிந்துகொள்ளட்டும். வெள்ளிதோறும் ஆட்டுக்கறி சமைக்கும் வீட்டிலும், உறிஞ்சும் வழி அடைபட்டவருக்கு அந்தக் கறியால் பயன் இல்லை. சர்க்கரை நோய்க்காக நெடுங்காலம் மெட்ஃபார்மின் உட்கொண்டவருக்கு இக்குறை இன்னும் எளிதில் நேரும்.

நமது உடலுக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் பி12 ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் இரண்டு பங்கு. கல்லீரலில் அதன் சேமிப்புச் சில ஆண்டுகளுக்குக்கூட வரும். மக்கள் ஏமாறும் இடமே இதுதான். "நான் மாத்திரையை நிறுத்தி ஒரு வருடமாகிறது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் சாட்சி சொல்கிறார். கேட்கும் நால்வரும் நிறுத்துகின்றனர். அவர் உயிரோட்டமுடன் நடமாடுவது கல்லீரலில் எஞ்சியிருக்கும் சேமிப்பைக் கொண்டு. அது தீர்ந்தபின் வருவதை அவர் இன்னும் காணவில்லை.

வருவது எப்படி இருக்கும்? முதலில் பாதங்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு. பிறகு மரத்துப்போதல். செருப்புக் கழன்று விழுந்ததுகூடத் தெரியாது. பாதம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே அறிய வேண்டிய நிலை. ஹவுளின் ஓரத்தில் உளூச் செய்பவர் முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறார். பகலில் ஒழுங்காக நடப்பவர் சுப்ஹுக்கு இருட்டில் வரும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். இவற்றைச் சாதாரணக் களைப்பு என்று தள்ளிவிடக் கூடாது. முதுகுத் தண்டுவடமும் பாதிக்கப்படுகிறது என்பதன் அறிகுறியாக இருக்கக்கூடும். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதும் தவறு. ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் உட்கொள்பவருக்கு இரத்த சோகை மறைந்து, நரம்பின் கேடு மட்டும் தொடர்ந்து வளர இடமுண்டு.

பி12 மெல்லத் தீர்வது. பி1 அவ்வாறன்று. உடல் முழுவதிலும் அதன் இருப்பு ஏறத்தாழ 30 மில்லிகிராம் மட்டுமே. அன்றாடத் தேவையோ 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல். உணவு தங்காமல் வாந்தி தொடருமானால் இரண்டு, மூன்று வாரங்களிலேயே கையிருப்பு தீர்ந்துவிடும். அறுவை சிகிச்சை செய்யாமல் பட்டினியால் மட்டுமே இளைத்தவருக்கும் இது பொருந்தும். கால்கள் வலுவிழக்கும், பார்வை இரட்டையாகத் தெரியும், கண்கள் நிலையின்றி அசையும், பேச்சில் குழப்பம் உண்டாகும். இந்நிலையில் இருப்பவர் சம்பந்தமின்றிப் பேசுவதைக் கேட்டு ஜின் பேசுகிறது என முடிவு கட்டுவோர் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுந்ததையும், தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுத்தபோது அவை எழுந்து நடந்ததையும் ஐக்மான் என்ற மருத்துவர் கண்டார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கோழியின் காலுக்குத் தவிட்டில் மருந்து இருந்தது என்பது நூறாண்டுக்கும் மேலாக உலகம் அறிந்த செய்தி. நாம் இன்னும் ஜின்னைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இதிலே மிக அபாயமான ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நிக்காஹுக்கு முன் பெண் இளைத்தாக வேண்டும் என்று நெருக்குவது நமது சமூகம்தான். இளைப்பதற்காகச் செய்த சிகிச்சையை மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாமல் மறைக்கச் சொல்வதும் அதே சமூகம்தான். புகுந்த வீட்டிற்குப் போன பெண், மாமியார் கேட்டுவிடுவாரோ என்று அஞ்சி மாத்திரைப் பட்டையைப் பெட்டிக்கு அடியில் ஒளிக்கிறாள். பிறகு உண்பதையே விட்டுவிடுகிறாள். சிகிச்சைக்குப் பின் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போடுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். மறைத்தவளால் அதைக் கணவரிடம் எப்படிச் சொல்ல முடியும்? கருவுற்றதும் மசக்கை; ஓயாத வாந்தி. களைத்துக் கிடப்பவளைப் பக்கத்துக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்று குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். பி1 வற்றிய உடலில், அந்த வைட்டமினைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளையின் பாதிப்பு முற்றிவிடக்கூடும். இரைப்பைச் சிகிச்சை நடந்தது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், மருத்துவர் முதலில் பி1 ஊசியைப் போட்டிருப்பார். அந்த ஒரு சொல்லைச் சொல்லவிடாமல் தடுத்தது எது? குடும்ப கௌரவம். அந்த கௌரவத்திற்கு மார்க்கத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

மற்றொன்று. வேகமாக இளைத்தவர்களுக்கு முடி கொட்டும். உடனே கடையில் துத்தநாக மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகின்றனர். அளவு மீறிய துத்தநாகம் உடலில் தாமிரம் சேர்வதைத் தடுக்கும். தாமிரம் குறைந்தாலும் பி12 குறைந்தாற்போலவே கால்கள் மரத்து நடை தள்ளாடும். பி6 மாத்திரையை மிகையாக உண்பதும் நரம்பைக் கெடுக்கும். ஆகவே எது தேவை, எவ்வளவு தேவை என்பதை இரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். கடைக்காரரோ அண்டை வீட்டாரோ அன்று. முழங்காலின் வெளிப்புறம் ஓடும் நரம்பைக் காத்திருந்த கொழுப்புக் கரைந்துபோவதால், நெடுநேரம் குத்துக்காலிட்டும் கால்மேல் கால் போட்டும் அமர்பவரின் பாதம் தூக்க முடியாமல் தொங்கிவிடுவதும் உண்டு. இதற்கு வைட்டமின் காரணமன்று. ஆயினும் மருத்துவரிடம் விரைய வேண்டியதே.

இனித் தவக்குலுக்கு வருவோம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கலாமா எனக் கேட்டவருக்கு, கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதீயில் உள்ளது. மருந்து செய்துகொள்ளலாமா என வினவிய கிராமவாசிகளுக்கு அவர்கள் ஆம் என்றே பதிலளித்தார்கள். நம்மைச் சுமந்து நடக்கும் உடலுக்கு நம்மீது உரிமை உண்டு என்பதும் அவர்கள் கற்பித்ததே. சிகிச்சையைக் கைவிடுவதால் உயிரோ உறுப்போ போகும், அல்லது உடல் முடங்கும் என்றால் சிகிச்சை கடமையாகிவிடும் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992இல் ஜித்தாவில் கூடித் தீர்மானித்தது. கால் மரத்துப்போவது உடல் முடங்குவதன் தொடக்கமாகலாம். எனவே மாத்திரையை விடச் சொல்பவர், தவக்குலின் பெயரால் ஒரு கடமையை விடச் சொல்கிறார்.

ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. ஃபாத்திஹா ஓதுங்கள், துஆச் செய்யுங்கள். ஆனால் ஓதிப் பார்ப்பவர், வந்தவரின் எடை எத்தனை கிலோ குறைந்தது, வாந்தி உண்டா, மாத்திரை உண்கிறாரா என்று முதலில் கேட்கட்டும். கேட்காமல் தாயத்துக் கட்டிப் பணம் வாங்குபவர், அந்தக் காலின் முடக்கத்திற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர்.

கேப்சூலின் உறை ஜெலட்டினால் ஆனது, அது எந்தப் பிராணியினுடையதோ என்ற ஐயம் நியாயமானது. அதை நாம் இகழவில்லை. ஆனால் ஐயத்திற்காக மருந்தையே விடுவது என்ன பேணுதல்? உறையில்லாத மாத்திரையாகவும், மென்று உண்ணும் வகையாகவும், தாவர உறையிட்டும், ஊசியாகவும் இவ்வைட்டமின்கள் கிடைக்கின்றன. மருத்துவரிடம் கேட்டால் மாற்றித் தருவார்.

ரமளானைக் குறித்தும் கேட்கின்றனர். நோயாளிக்கு வேறு நாட்களில் நோன்பை நிறைவேற்றும் சலுகையை அல்குர்ஆன் (2:185) அளித்திருக்கிறது. சிகிச்சை முடிந்த முதல் மாதங்களில் இருப்பவரும், வாந்தி நிற்காதவரும் அச்சலுகைக்கு உரியவர்களே, வெட்கப்பட ஏதுமில்லை. விரைவில் இளைக்க வேண்டுமென்று ஸஹரை விட்டு நோன்பை நோன்போடு இணைப்பதோ நபி (ஸல்) அவர்கள் தடுத்த விஸால். மருத்துவர் அனுமதித்து நோன்பு நோற்பவர் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே மாத்திரைகளைப் பிரித்து உண்ணலாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒருசேர விழுங்காமல் இரண்டு மணி நேரமேனும் இடைவெளி விட வேண்டும். பி12 ஊசி நோன்பை முறிக்குமா என்று கேட்டு அலைவோர், அதை மஃக்ரிபுக்குப் பின் போட்டுக்கொண்டால் அந்த வினாவுக்கே வேலையில்லை.